சோளக்காட்டுச் சந்தை வாய் மூடிய நாள்

1. பனிமலைப் படம்

“இந்த வருஷம் உங்க கான்ட்ராக்டை உங்க ஊர்லயே வச்சுக் கையெழுத்துப் போட்டுக்கலாம்” என்றார் ஹோவா மேடம்.

நான் சிரித்தேன். வியட்நாமில் ஏழு வருஷம் ஆங்கில டீச்சராக இருந்ததில் ஒன்று கற்றிருந்தேன். மேலதிகாரி புரியாத எதையாவது சொன்னால் முதலில் சிரித்துவிட வேண்டும், பிறகு புரிந்துகொள்ளலாம். ஆனால் மேடம் சிரிக்கவில்லை. நான் வேலை பார்த்த ஊரின் பெரிய ஆங்கிலப் பயிற்சி நிலையத்துக்கு அவர்தான் டைரக்டர், அவர் விளையாட்டுக்குக்கூட விளையாட்டாகப் பேசமாட்டார். மேசை மேல் இருந்த நோட்டீஸை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கோடை விடுமுறைச் சிறப்பு முகாம். பன்னிரண்டு மாணவர்கள். ‘ஆங்கிலம் தாய்மொழியாகப் பேசப்படும் கொல்லிமலைக்கு வாருங்கள், ஆங்கிலக் காற்றைச் சுவாசியுங்கள்.’ கீழே ஒரு மலையின் படம். உச்சியில் வெள்ளை வெளேரென்று ஐஸ். அடிவாரத்தில் கொழுத்த செம்மறி ஆடுகள்.

“உங்க சொந்த ஊர்ல, உங்க ஜனங்க நடுவுல, நீங்க கையெழுத்துப் போடறதை வீடியோ எடுக்கறோம். பெத்தவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.” மேடம் என்னிடம் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். வாசிக்கிறவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“கையெழுத்து இங்கேயே போட்டுடலாமே மேடம்?”

“அங்கதான். பெத்தவங்களுக்குச் சொல்லியாச்சு.”

அதாவது, கொல்லிமலையில் ஆங்கிலம் இருந்தால் எனக்கு வேலை இருக்கிறது. ஆங்கிலம் இல்லை என்று தெரிந்தால் வேலையும் இல்லை. எங்கள் மலையில் மிளகு உண்டு, மரவள்ளிக்கிழங்கு உண்டு, பலா உண்டு, அன்னாசி உண்டு. ஆங்கிலம் மட்டும் எந்தப் பருவத்திலும் விளைந்ததில்லை.

வெளிநாட்டுக்குப் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விதான். விசா கிடைக்குமா? சாம்பார் கிடைக்குமா? இரண்டுமே கிடைக்கும். கேட்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. ஒரு சின்னக் கட்டம்

நான் கொல்லிமலையில் திருப்புலி நாட்டுக்காரி. பெயர் செல்வி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். பிறகு ராசிபுரத்தில் ஆங்கில எம்.ஏ., பி.எட். அதன் பிறகு முள்ளுக்குறிச்சிப் பக்கம் ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் வேலை. அங்கே ஆங்கிலத்தைத் தமிழில்தான் நடத்துவோம். பிள்ளைகள் ஆங்கிலக் கவிதைகளின் கருத்தை அருமையான தமிழில் சொல்வார்கள். கவிதையைச் சொல்லச் சொன்னால் ஜன்னலைப் பார்ப்பார்கள். இன்ஸ்பெக்‌ஷன் வரும் அன்று மட்டும் எல்லாரும் சேர்ந்து ‘குட் மார்னிங் சார்’ என்று கட்டடம் அதிரக் கத்துவோம், பள்ளிக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும்.

எட்டு வருஷம் அப்படிக் கத்திய பிறகு எனக்கே அலுத்துவிட்டது. வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க டெசால் என்று ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார்கள், ஆன்லைனில் நூற்று இருபது மணி நேரம் படித்து வாங்கினேன். நாமக்கல்லில் ஒரு ஏஜென்ட் கிடைத்தார். விசாவுக்கும் வேலை அனுமதிக்கும் கொடுத்த காகிதங்கள் எல்லாம் சுத்தம். டிகிரி நிஜம், சான்றிதழ் நிஜம், போலீஸ் சான்று நிஜம். பயிற்சி நிலையத்துக்கு அனுப்ப ‘டீச்சர் புரொஃபைல்’ என்று ஒரு பக்கம் டைப் செய்தார். அதில் தாய்மொழி என்கிற கட்டத்தில் இங்கிலீஷ் என்று இருந்தது.

“ஏனுங்க, இது தப்பா விழுந்திருக்குதுங்க” என்றேன்.

“தப்பில்லீங்க மேடம். அது சும்மா ஒரு கட்டம். தமிழுன்னு போட்டா அங்க ஆரும் பக்கத்தத் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டாங்க.”

“பொய்தானுங்களே?”

“நீங்க கனவுல என்ன பாஷையில பேசுவீங்க?”

“தமிழுதான்.”

“அத ஆருங்க வந்து பார்க்கப் போறாங்க?”

நான் வாயை மூடிக்கொண்டேன். ஏஜென்ட் பொய் சொன்னார் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் டைப்தான் செய்தார். படித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்தவள் நான்.

வியட்நாமின் மலைப்பகுதியில் அந்த ஊருக்குப் போய் இறங்கினால், நிலையத்தின் வாசலில் என் முகம் போட்ட பேனர் தொங்கியது. ‘தாய்மொழி ஆசிரியை’. பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். உங்கள் ஊர் மலையா? மலைதான் என்றேன். குளிருமா? குளிரும் என்றேன். ஆடு உண்டா? உண்டு என்றேன். ஒரு பதிலிலும் பொய் கிடையாது. எல்லாப் பதிலும் சேர்ந்து எப்படிப் பெரும்பொய் ஆனது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

3. டி.டி.டி.

எங்கள் தொழிலில் டி.டி.டி. என்று ஒன்று உண்டு. டீச்சர் டாக்கிங் டைம். வகுப்பில் டீச்சர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்கிற கணக்கு. அது குறையக் குறைய நல்ல டீச்சர். மாணவர்தான் பேச வேண்டும், டீச்சர் காத்திருக்க வேண்டும். வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பாடத்தைக் கவனிக்கிறவர் எழுதுகிற ரிப்போர்ட்டில் எனக்கு ஏழு வருஷமும் ஒரே வரிதான் வந்தது: ‘நல்ல ஆசிரியை. டி.டி.டி. மிக அதிகம்.’

அதிகம் என்பது மரியாதைக்காக எழுதியது. நான் மூச்சே விடமாட்டேன். கேள்வி கேட்பேன், இரண்டு நொடி பொறுப்பேன், பதிலையும் நானே சொல்லிவிடுவேன், பிறகு அந்தப் பதிலுக்கு நானே ‘வெரி குட்’ போடுவேன்.

எனக்குக் காரணம் தெரியும். வகுப்பில் அமைதி வந்தால் யாராவது யோசிப்பார்கள். யோசித்தால் என்னைப் பற்றி யோசிப்பார்கள் என்று பயம். தாய்மொழிக்காரி என்று பேனரில் போட்டிருக்கிறதே, அதற்கேற்பத் தண்ணீர் ஓடுகிற மாதிரி பேசிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? ஓட்டினேன்.

என் மாணவிகளில் லின் என்று ஒரு பெண். பன்னிரண்டு வயது. அவள் அப்பா மிளகு விவசாயி. மூன்று வருஷமாக என் வகுப்பில் இருந்தாள். எழுத்துத் தேர்வில் எல்லாம் சரியாக எழுதுவாள். வாயைத் திறந்து ஒரு ஆங்கிலச் சொல் சொன்னதில்லை. “வாட் இஸ் திஸ், லின்?” என்று கேட்பேன். அவள் உதடு பிரியும். அதற்குள் நான், “யெஸ், இட் இஸ் எ மேங்கோ, வெரி குட் லின்!” என்று அவளைத் தாண்டிப் போய்விடுவேன். ‘கூச்ச சுபாவம்’ என்று அவள் ரிப்போர்ட்டில் எழுதினேன். மூன்று வருஷமும் அதையே எழுதினேன்.

அந்த முகாமுக்குப் பெயர் கொடுத்த பன்னிரண்டு பேரில் லின்னும் ஒருத்தி.

4. எழுபது வளைவு

ஊருக்குப் போன் போட்டேன். என் அண்ணன் பொன்னுசாமி வார்டு மெம்பருக்கு ஒருமுறை நின்று தோற்றவர். தோற்றதிலிருந்து ஊருக்கு உத்தரவு போடும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

“அண்ணே, ஒரு நாள் காலையில மட்டும் சோளக்காட்டுல கொஞ்சம் இங்கிலீஷ் கேக்கோணும். நாலு பேராச்சும் பேசோணும். இல்லீனா எம்பட வேலை போயிரும்.”

“நாலு பேரு என்ன கண்ணு, சந்தையே பேசும். நீ கம்முனு வா. போர்டெல்லாம் இங்கிலீஷ்ல எழுதிப் போடட்டுமா?”

அந்த வேலை மிச்சம். எங்கள் ஊர்க் கடைப் பலகைகளைப் பாருங்கள். மெடிக்கல்ஸ், பேக்கரி, மொபைல்ஸ், டெய்லர்ஸ். ஆங்கிலேயர் யாராவது வந்து இறங்கினால் பலகையைப் பார்த்துத் தன் ஊர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார், இறங்கி நாலு அடி வைத்த பிறகுதான் தெரியும்.

ஜூன் மாதம் பெங்களூரில் இறங்கி, சேலம், நாமக்கல் வழியாக வேன் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்தது. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. பதினைந்தாவது வளைவில் பிள்ளைகள் வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். நாற்பதாவது வளைவில் மேடம், “இன்னும் நிறைய இருக்கா?” என்று கேட்டார். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொய் சொல்ல வழியில்லை. “முப்பது மேடம்” என்றேன். மேலே ஏறியதும் மேடம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

“ஐஸ் எங்கே?”

“இது சீசன் இல்லை மேடம்.”

5. சூடம்

மறுநாள் காலை சோளக்காடு போனோம். சந்தை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரோட்டின் இரண்டு பக்கமும் பலாப்பழம் குவிந்து கிடக்கும். மிளகு மூட்டை, வாழைத்தார், அன்னாசி. பழத்தைத் தட்டிப் பார்க்கிறவர், விலை கேட்டுத் திட்டு வாங்குகிறவர், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் என்று ஆளுக்கு ஒரு சத்தம். மலைக்காரர்கள் ரோட்டின் அந்தப் பக்கம் நிற்கிற சொந்தக்காரரைக் குசலம் விசாரித்தால் மூன்றாவது கடைக்குக் கேட்கும்.

அன்றைக்கு வேன் கதவைத் திறந்தேன். சத்தமே இல்லை.

சந்தை நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. டீக்கடை பாய்லர் கொதிப்பதும், பலாவில் மொய்த்த ஈக்களின் இரைச்சலும்தான் காதில் விழுந்தன. அண்ணனை அங்கே நின்ற ஒரு ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

“அண்ணே, என்னது இது? ஆரும் பேசமாட்டேங்கறாங்க?”

“சத்தியம் கண்ணு.” அண்ணன் முகத்தில் அத்தனை பெருமை. “மாரியம்மன் கோயில்ல எல்லார்த்தையும் நிக்க வச்சுச் சூடத்த அணைச்சுச் சத்தியம் வாங்கிட்டேன். உம்பட ஆளுங்க மலையில இருக்கற வரைக்கும் ஒருத்தரு வாயிலயும் தமிழு வராது.”

“இங்கிலீஷ் பேசச் சொல்லி வாங்கியிருக்கோணும்ல?”

“தெரியாதத எப்புடி கண்ணு சத்தியம் பண்ணுவாங்க? பேசமாட்டோம்னுதான் பண்ண முடியும்.”

“நீங்க இப்பத் தமிழுதான பேசறீங்க?”

“நான் சத்தியம் வாங்குனவன். வாங்கறவன் பண்ண வேண்டியதில்ல.”

தோற்ற வார்டு மெம்பர் இவ்வளவு யோசிப்பார் என்றால் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எங்கள் மலையில் சூடத்தை அணைத்துச் சொன்ன சொல்லுக்கு மறுசொல் கிடையாது. வரப்புத் தகராறு, மாடு காணாமல் போன வழக்கு எல்லாம் அந்தச் சூடத்தோடு முடிந்துவிடும். ஸ்டேஷனில் பொய் சொல்கிறவரும் சூடத்துக்கு முன்னால் சொல்லமாட்டார். இவர்கள் என் வேலைக்காக மாரியம்மனை நடுவில் வைத்து வாயைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

டீ மாஸ்டர் மட்டும் கொஞ்சம் சமாளித்தார். “டீ? காபி? பிஸ்கட்? பன்?” என்றார். மேடத்துக்கு முகம் மலர்ந்தது. நம் பேச்சில் ஆங்கிலச் சொற்களுக்குப் பஞ்சமில்லை, அவற்றை ஒட்டும் பசைதான் தமிழ். பசை இல்லாமல் சொல்லச் சொன்னால் ஒவ்வொன்றும் தனித்தனியாக உதிர்கிறது. “சுகர்?” என்றார் மாஸ்டர். அதோடு அவர் சரக்கு தீர்ந்தது.

அந்த நேரம் பார்த்து நாமக்கல் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கீழ்நாட்டுக்காரர், சத்தியத்தில் சேராதவர். “சோளக்காடு எறங்கறவங்கல்லாம் எறங்குங்க! ஏனுங்க, சந்தைக்கு என்னாச்சு? எல்லாரும் பல்லு புடுங்கிட்டு வந்தாப்புல நிக்கறீங்க?” என்று முழங்கினார்.

“அவர் என்ன பாஷை பேசறார்?” என்றார் மேடம்.

“அவர் சமவெளிக்காரர் மேடம். அங்கெல்லாம் ஆங்கிலம் கொஞ்சம் குறைவு.”

மேடம் தலையாட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார், “இவங்க ஏன் பேசலை? நம்ம மேல கோபமா?”

“மலை ஜனங்க. பொதுவாவே அமைதியானவங்க மேடம்.”

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவருக்கு அது எப்படியோ புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் வாழைத்தாருக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார்.

6. மிளகும் தண்ணீரும்

அமைதி வந்தால் நான் என்ன செய்வேன் என்று முன்பே சொன்னேன். பேச ஆரம்பித்தேன். “சில்ட்ரன், திஸ் இஸ் ஜாக்ஃப்ரூட். திஸ் இஸ் டாபியோகா. திஸ் இஸ் பெப்பர்.” பிள்ளைகள் என்னை வினோதமாகப் பார்த்தார்கள். அவர்கள் எல்லாருடைய வீட்டுக் கொல்லையிலும் பலா உண்டு. தோட்டம் நிறைய மிளகு உண்டு. ஆங்கில நாட்டைப் பார்க்க விமானம் ஏறி வந்து, எழுபது வளைவு வாந்தி எடுத்து ஏறினால், தங்கள் சொந்த ஊரே எதிரில் நிற்கிறது. ஒரு பையன் இன்னொருவனிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னான். “இங்கிலாந்திலும் பலா காய்க்குமா?” என்று கேட்டதாகப் பிறகு தெரிந்தது.

நான் நிறுத்தவில்லை. மிளகுக் கடைக்காரி பாப்பாத்தி அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. வந்த விருந்தாளிக்கு ‘சாப்பிடுங்க’ என்று சொல்லவும் முடியாத தவிப்பு அவருக்கு. பழுத்த பலாவிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குச் சுளை ஒன்றை உரித்தார். வந்து, பேசிக்கொண்டிருந்த என் வாய்க்குள் முழுசாகத் திணித்தார்.

அது பெரிய சுளை. கொல்லிமலைப் பலா இனிப்பு, மெல்லவும் முடியாது, சட்டென்று விழுங்கவும் முடியாது. என் டி.டி.டி. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அன்றுதான் பூஜ்யத்துக்கு வந்தது.

சந்தையும் காத்திருந்தது, நானும் காத்திருந்தேன். வேறு வழியில்லை.

லின் பாப்பாத்தி அக்காவின் மிளகு மூட்டைக்கு முன்னால் நின்றாள். ஒரு பிடி எடுத்தாள், உள்ளங்கையில் தேய்த்தாள், முகர்ந்தாள், ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா இவளைப் பார்த்தார். யாராவது ஒருவர் பேசியாக வேண்டும். லின்னின் உதடு பிரிந்தது. நான் வழக்கம்போல் முந்திக்கொள்ளப் பார்த்தேன், வாயில் பலா.

“வாட்டர்” என்றாள் லின். “வாட்டர், ப்ளீஸ்.”

அக்கா குடிக்கத்தான் என்று நினைத்துச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். லின் கையிலிருந்த மிளகை அதற்குள் போட்டாள். சந்தை முழுக்க எட்டிப் பார்த்தது. எங்கள் மலையில் மிளகு வாங்க வருகிற பழைய வியாபாரிகள் இப்படித்தான் பார்ப்பார்கள். நல்ல மிளகு முங்கிவிடும், உள்ளே காலியான பொக்கு மிதக்கும். கடைக்காரர் கண் எதிரில் போட்டுப் பார்ப்பது கொஞ்சம் அவமரியாதை. சேலத்து வியாபாரி போட்டிருந்தால் அக்கா சொம்போடு அவர் தலையில் கவிழ்த்திருப்பார்.

மூன்று மிளகுதான் மிதந்தது.

“வெரி குட். ஹெவி” என்றாள் லின். “மை ஃபாதர், பெப்பர். மை ஃபாதர், போஸ்ட்.” கையை, கொடி ஏற நட்ட கம்பம்போல் நிறுத்திக் காட்டினாள். எதிரே சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியைக் காட்டி, “யூ, ட்ரீ?” என்றாள். அக்கா வேகமாகத் தலையாட்டினார்.

மூன்று வருஷத்தில் நான் அவளிடம் கேட்டிராத குரல் அது. இலக்கணம் கிடையாது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. ரோட்டோரத்தில் ஒரு செடியை வேரோடு பிடுங்கினாள். வேரைக் காட்டி, “பிளாக்” என்றாள். செடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். “டை. திஸ் இயர், ஆல் டை. மை ஃபாதர் க்ரை.”

பாப்பாத்தி அக்கா புடவை முந்தானையை வாயில் வைத்து அழுத்தினார். அவர் தோட்டத்துக் கொடிகளும் முந்தைய மழைக்கு அப்படித்தான் வேர் கறுத்துச் சாய்ந்திருந்தன. கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தார். பிறகு முந்தானை விழுந்தது.

“அய்யோ சாமீ! வேரழுகலா? மொத்தமும் போயிருச்சா? எங்கூட்டுலயும் அதேதான் கண்ணு! உங்கொப்பன அழுவ வேண்டாம்னு சொல்லு. செத்த கொடியப் புடுங்கிச் சுட்டுப்போட்டு, தண்ணி நிக்காம வாய்க்கா வெட்டிவுட்டு, அப்பறம் புதுக்கொடி நடச் சொல்லு. என்ன கண்ணு?”

லின்னுக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனாலும் அக்காவின் கை வாய்க்கால் வெட்டிக் காட்டியது. லின் “யெஸ், யெஸ், வாட்டர் கோ” என்றாள்.

“பாப்பாத்தியே பேசிட்டா!” என்று யாரோ கத்தினார். அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த பேச்சு முழுவதும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டார்கள், சந்தை தமிழில் பதில் சொன்னது. மிளகு விலை, மழை, எத்தனை அண்ணன் தம்பி, பாட்டி இருக்கிறாளா, ஏன் இவ்வளவு ஒல்லியாக இருக்கிறாய். ‘கூச்ச சுபாவம்’ என்று நான் எழுதி வைத்திருந்த இன்னும் நாலு பேரும் அதில் இருந்தார்கள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு ஜீப் ஓரம் உட்கார்ந்துவிட்டார். அக்கா கோயில் பக்கம் திரும்பி, “மாரியாத்தா, புள்ள அழுவுது, நான் என்ன பண்றது? வெள்ளிக்கெழம பொங்க வெக்கறேன், பொறுத்துக்க” என்று கும்பிட்டுவிட்டு மறுபடி பேச ஆரம்பித்தார்.

நான் பலாவை விழுங்கி முடித்திருந்தேன். அக்கா என் பக்கம் வந்தார்.

“ஏங்கண்ணு, ஒன்னு கேக்கறேன். நம்ம பேசறது தமிழுன்னு சொன்னா அந்தம்மா கோவிச்சுக்குமா?”

“இல்லீங்கக்கா... அது வந்து...”

“வாயைக் கட்டிக்கிட்டு நிக்கற அளவுக்கு நம்ம என்ன தப்புப் பண்ணிட்டோம்? அதத்தான் கேக்கறேன்.”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி வெட்கமாக இருந்ததில்லை. என்னுடைய ஒரு கட்டத்துக்காக ஒரு சந்தையையே ஊமையாக நிற்க வைத்திருக்கிறேன்.

7. மறுபடியும் அதே கட்டம்

ஹோவா மேடம் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். டீக்கடை பெஞ்சில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கான்ட்ராக்டை மேசையில் வைத்தார்.

“அந்தம்மாகிட்ட நீங்க பேசினது என்ன பாஷை?”

“தமிழ், மேடம்.”

“நீங்க அதைப் பேசறப்ப வேற ஆளா இருக்கீங்க. ஏழு வருஷமா என்கிட்ட வேலை செய்யறது யாரு அப்ப?”

நான் பேனாவை எடுத்தேன். கான்ட்ராக்டின் முதல் பக்கத்திலேயே அந்தப் பழைய புரொஃபைல் ஒட்டியிருந்தது. தாய்மொழி: இங்கிலீஷ். அதை அடித்துவிட்டு மேலே தமிழ் என்று எழுதினேன். வேலை போனால் மறுபடியும் முள்ளுக்குறிச்சிப் பக்கம் போய் ‘குட் மார்னிங் சார்’ கத்த வேண்டும் என்பது தெரியும். இருந்தாலும் எழுதினேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “பெத்தவங்களுக்கு நான் என்ன சொல்றது?”

ஏழு வருஷப் பழக்கம், பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினேன். லின் இருந்த பக்கம் கையை மட்டும் காட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்து பாப்பாத்தி அக்காவுக்குத் தன் அப்பாவின் தோட்டத்தைப் படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ஆங்கிலச் சொல். மேடம் டீ ஆறும் வரை அதைப் பார்த்தார்.

“தாய்மொழி ஆசிரியர் ‘ஏ’ கிரேடு. மத்தவங்க ‘பி’ கிரேடு. ரூல் ரூல்தான்” என்றார். ஏ-வை அடித்து பி போட்டார். அவரும் கையெழுத்துப் போட்டார்.

நடந்தது இதுதான். வேலை போகவில்லை, ஒரு படி இறங்கினேன். அதில் எனக்கு மனக்குறை இல்லை என்று சொன்னால் அதுவும் இன்னொரு பொய் ஆகிவிடும். அதே வகுப்பு, அதே பாடம், அதே தொண்டை, ஆனால் பி கிரேடு.

மேடத்தைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வேன் எழுபது வளைவு இறங்கி முடிவதற்குள் அவர் அடுத்த நோட்டீஸை யோசித்துவிட்டார். ‘மௌனச் சந்தை முறை. பழங்கால மலைவாழ் மக்களின் கற்பித்தல் ரகசியம். கொல்லிமலையில் மட்டும்.’ அதில் என் படமும் இருந்தது. வாயை மூடிக்கொண்டு நிற்கும்படி எடுத்தார்கள். அடுத்த கோடையில் இரண்டு மடங்கு பிள்ளைகள் வந்தார்கள். அண்ணன் மறுபடி சூடத்தோடு கிளம்பினார். பாப்பாத்தி அக்கா, “சத்தியம் கித்தியம்னு இந்தப் பக்கம் வந்தீன்னா உன்னைய மொதல்ல அணைச்சுப்போடுவேன்” என்று துரத்திவிட்டார். சந்தை தமிழிலேயே பேசியது. பிள்ளைகள் அப்போதும் ஆங்கிலத்தில் பேசினார்கள். ரகசியம் மலையில் இல்லை என்று நோட்டீஸில் மட்டும் யாரும் போடவில்லை.

அதன் பிறகு ஐந்து வருஷம் அங்கே வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தேன். இப்போது சோளக்காட்டிலிருந்து இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்வது இரண்டுதான். தாய்மொழி என்கிற கட்டத்தை ஏஜென்ட்டிடம் விடாதீர்கள், உங்கள் கையால் நிரப்புங்கள். வகுப்பில் கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். முதலாவதை நான் ஒரே ஒரு டீக்கடையில் கற்றேன். இரண்டாவதற்குத்தான் பல வருஷம் பிடித்தது.

முகாம் முடிந்து திரும்பியதும் நடத்திய முதல் வகுப்பு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. முன்வரிசையில் ஒரு புதுப் பையன், பயந்த முகம். மாம்பழத்தைக் காட்டி, “வாட் இஸ் திஸ்?” என்று கேட்டேன். அவன் உதடு பிரிந்து மூடியது. ஃபேன் சத்தம் கேட்டது. ‘இட் இஸ் எ மேங்கோ’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த லின் என்னைப் பார்த்துத் தன் வாய்க்கு நேராகக் கையைக் கொண்டுபோய், பெரிய சுளை ஒன்றைத் திணிப்பதுபோல் காட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பையன் பேசினான்.